வால் வளைந்த கொழுப்பு

அந்த வருடங்களில் என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன தெர்மாஸ் ஃபிளாஸ்க் இருக்கும். ஐயம்பேட்டையில் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் அதில் காபி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்த மாட்டேன். அதில் இருந்தது கோழி ரத்தம்.

எங்கள் சித்தப்பா ஊரில் கோழிக்கடை வைத்திருந்தார். கடை திறந்ததும் முதல் கோழியின் ரத்தம் எனக்கு. உறையாமல் இருக்க சிட்ரேட் கரைசலை முன்னாலேயே ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். அவர் அதைப் பிடித்து மூடி, வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துத்தான் தருவார். "எல்லாரும் கறி வாங்கிக்கினு போறாங்க, எங்க வூட்டுப் பொண்ணு மட்டும் ரத்தத்த வாங்கிக்கினு போவுது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அதில் கேலி பாதி, பெருமை பாதி. எங்கள் குடும்பத்தில் காலேஜில் பாடம் நடத்தப் போன முதல் ஆள் நான்.

காஞ்சிபுரத்தின் மேற்கே ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். கூடவே பகுதி நேரமாக எம்.ஃபில். ஆய்வு. சென்னையில் இருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு, இரண்டு உயிரணுக்கள் ஒன்றோடு ஒன்று இணைவதில் அவற்றின் சவ்வில் இருக்கும் கொழுப்புக்கு என்ன பங்கு என்பது. கருத்தரிப்பது அப்படி ஒரு இணைப்பில்தான். நம் தசை இழைகள் உருவாவதும் பல அணுக்கள் சேர்ந்து ஒன்றாவதால்தான். சளிக் காய்ச்சல் கிருமி நமக்குள் நுழைவதும் இதே வழியில். ஆனால் உடம்புக்குள் கோடிக்கணக்கான ரத்த அணுக்கள் ஓயாமல் இடித்துக்கொண்டு ஓடுகின்றன, ஒன்றும் ஒட்டுவதில்லை. ஏன் ஒட்டுவதில்லை, எது ஒட்ட வைக்கும் என்பதுதான் கேள்வி.

கோழி ரத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. கோழியின் சிவப்பணுவில் உண்டு. நீள்வட்டமான அணு, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. இரண்டு அணுக்கள் இணைந்தால் ஒரே சவ்வுக்குள் இரண்டு புள்ளிகள் தெரியும். பெரிய கருவி எதுவும் வேண்டாம், மாணவிகள் பயன்படுத்தும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். எங்கள் கல்லூரியில் இருந்ததும் அது ஒன்றுதான்.

படித்த வரையில் விஷயம் அழகாக இருந்தது. சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்பது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளிந்துகொள்ளும் வால்கள். இரண்டு அணுக்கள் இணைய வேண்டுமானால் முதலில் எதிரெதிரே இருக்கும் வெளி அடுக்குகள் கலந்து, இடையில் ஒரு குறுகலான கழுத்து உண்டாக வேண்டும். அதன் பிறகு உள் அடுக்குகளும் கலந்து துவாரம் திறக்கும். அந்தக் கழுத்து இருக்கும் இடத்தில் சவ்வு நன்றாக வளைய வேண்டும். இங்கேதான் கொழுப்பின் வடிவம் முக்கியமாகிறது. நேரான வால் உள்ளவை தோளோடு தோள் ஒட்டி நெருக்கமாக நிற்கும், வளைந்து கொடுக்காது. ஒலியிக் அமிலம் போன்றவற்றுக்கு வாலின் நடுவில் ஒரு வளைவு உண்டு. தலை சிறியது, வால் பக்கம் இடம் அதிகம் கேட்கும். அது சவ்வுக்குள் புகுந்தால் சவ்வு சுலபமாக வளைந்து கழுத்துக்கு வழி விடும். பெரிய தலையும் ஒற்றை வாலும் உள்ள வேறு சில கொழுப்புகள் இதற்கு நேர் எதிர்ப் பக்கமாக வளைத்து, இணைப்பைத் தடுக்கும்.

வகுப்பில் இதை விளக்க, மாணவிகளைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்பது போல் கைகட்டி நெருங்கி நிற்கச் சொல்வேன். பிறகு பாதிப் பேரை இடுப்பில் கைவைத்து முழங்கையை விரிக்கச் சொல்வேன். வரிசை தானாகக் கோணும். பெண்கள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் என் கண்ணாடித் தகட்டில் எதுவும் கோணவில்லை, ஒட்டவும் இல்லை. ஒலியிக் அமிலம் கலந்த கொஞ்ச நேரத்தில் அணுக்கள் எல்லாம் உடைந்து, குழாயில் ரோஜா நிறத் தண்ணீர்தான் மிஞ்சும். அளவைக் குறைத்தால் ஒன்றுமே நடக்காது. கூட்டினால் எல்லாம் உடையும். மாதக்கணக்கில் இதே கதை. வழிகாட்டி சாரிடம் போனில் சொன்னால், "திரும்பச் செய்து பாருங்கள்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஆசிரியர் அறையில் என் மேஜையைப் பகிர்ந்துகொண்டவள் வேதியியல் விரிவுரையாளர். சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பத்து மருமகள். என் டிபன் பாக்ஸில் முட்டை இருக்கும் நாட்களில், பேச்சை நிறுத்தாமலேயே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். நானும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வருடம் முழுக்க ஒருவரை ஒருவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

ஒரு நாள் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த அமிலத்தைக் கொண்டுவரச் சொன்னாள். பாட்டிலைத் திறந்து கையால் விசிறி முகர்ந்தாள்.

"மேடம், இது சிக்குப் பிடிச்ச எண்ணெய். அப்பளம் பொரிச்ச எண்ணெய பத்து நாள் மூடி வெச்சா வருமே, அந்த வாசனை. இத ஊத்தினா எந்த செல்தான் உடையாது?"

ஸ்டோர் ரூமில் எவ்வளவு காலம் கிடந்ததோ, காற்றும் வெயிலும் பட்டுக் கெட்டுப்போயிருந்தது. புதிதாக வரவழைக்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் அடுத்த வருடம்தான் வரும். நானே செய்து தருகிறேன் என்றாள். மருந்துக் கடையில் குழந்தைகளுக்குத் தேய்த்துவிடும், இந்த அமிலம் நிறைந்த ஆலிவ் எண்ணெய் சின்ன டப்பாவில் கிடைக்கும். அதை வாங்கி வந்து, காரம் சேர்த்துக் காய்ச்சி சோப்பாக்கி, அமிலம் விட்டுப் பிரித்தாள். பிறகு அதை ஆல்கஹாலில் கரைத்து யூரியாவோடு குளிர வைத்தாள். நேர் வால் உள்ளவை யூரியாப் படிகத்துக்குள் மாட்டிக்கொள்ளும், வளைந்த வால் உள்ளவை வெளியே நிற்கும் என்று விளக்கினாள். வடிகட்டியதில் கிடைத்தது இளமஞ்சளில் தண்ணீர் போல் தெளிந்த எண்ணெய். அதை வெளிச்சத்தில் பிடித்து அவள் பார்த்த பார்வையில், வகுப்பெடுக்கும்போது நான் கண்டிராத ஒரு சந்தோஷம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு வேலை செய்ய வாய்ப்பே வரவில்லை என்றாள்.

அந்த எண்ணெயில் ஒரு துளியை உப்பு நீரில் நன்றாகக் கலக்கி, துளி கால்சியமும் சேர்த்து, கழுவிய அணுக்களோடு விட்டேன். இந்த முறை தண்ணீர் சிவக்கவில்லை. தகட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனபோது ஓரத்தில் ஒன்று தென்பட்டது. பெரிதாக, உருண்டையாக, உள்ளே இரண்டு புள்ளிகள். ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும் இரண்டு அணுவாக இருக்கும் என்று தகட்டை லேசாகத் தட்டினேன். அசைந்தபோது ஒன்றாகவே அசைந்தது. இடையில் கோடு இல்லை.

நான் எழுந்து அவளைக் கூப்பிட்டு இடம் கொடுத்தேன். கோழி ரத்தம் என்று இத்தனை நாள் மைக்ராஸ்கோப் பக்கமே வராதவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஏய், நிஜமாவே சேந்துடுத்து" என்றாள். அதோடு மேடம் போய்விட்டது.

சாருக்குப் போன் செய்தேன். அவர் நம்பவில்லை. தானே நேரில் வந்து பார்த்தால்தான் ஆய்வேட்டை எழுத விடுவேன் என்று சொல்லி ஒரு தேதியும் கொடுத்து வைத்துவிட்டார். கோடை விடுமுறை, லேப் காலியாக இருக்கும், வசதிதான் என்று நானும் சரி சொன்னேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தோழியிடம் சொன்னதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அன்று வைகாசிக் கருட சேவை.

கருட சேவையன்று காஞ்சிபுரத்தில் நாம் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. கூட்டம் நம்மை எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போகலாம். விடியற்காலையில் சின்னக் காஞ்சியிலிருந்து கருட வாகனத்தில் கிளம்பும் பெருமாள் பெரிய காஞ்சி வரை போய் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். ஐயம்பேட்டை பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். கல்லூரி இருந்ததோ ஊரின் மறு கோடியில். சாரிடம் தேதியை மாற்றச் சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. கடைசியில் அவளே வழி சொன்னாள். முதல் நாளே முதல்வரிடம் அனுமதி வாங்கி, மைக்ராஸ்கோப்பையும் அணுக்களைக் கழுவிப் பிரிக்கக் கையால் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜையும் கண்ணாடிச் சாமான்களையும் ஸ்கூட்டரில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. அவள் கணவர் பெரிய காஞ்சியில் சாரைப் பிடித்துச் சந்து வழியாக அழைத்து வருவார். நான் ஃபிளாஸ்க்கோடு நடந்து வந்துவிட வேண்டும்.

"உங்க மாமியார்கிட்ட ரத்தம்னு சொல்லிட்டியா?"

"சாம்பிள்னு சொல்லியிருக்கேன்."

அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன என்னைப் பார்த்து, தண்ணீர்ப் பந்தலில் ஒருவர் அதில் பானகம் ஊற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் தெருவுக்குள் நுழைந்தபோது வாசல்கள் எல்லாம் பெரிய கோலமாக இருந்தன. பெருமாள் அப்போதுதான் பெரிய வீதிக்குள் போயிருந்தார், தூரத்தில் மேளம் கேட்டது. வாசலில் மடிசாரோடு அவளுடைய மாமியார் நின்றிருந்தார். தோழி பின்னாலிருந்து எனக்கு ஏதோ சைகை காட்டினாள், எனக்குப் புரியவில்லை.

"வாம்மா. அதுல என்ன?" என்று மாமி கேட்டார்.

நான் தோழியைப் பார்த்தேன். அவள் பொய் சொல்ல வராமல், "கோழி ரத்தம்மா" என்று சொல்லிவிட்டாள்.

மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் தெரியவில்லை, கணக்குப் போடுவது போல் இருந்தது. "இன்னிக்குன்னு பாத்தா?" என்றார். பிறகு, "ஆத்துக்குள்ள அது வரப்படாது. கொல்லைச் சந்து வழியா ஸ்கூட்டர் கொட்டகைக்குக் கொண்டுபோங்கோ. அங்கேர்ந்து யார் உள்ள வந்தாலும் தலைக்கு ஜலம் விட்டுண்டுதான் வரணும்" என்றார்.

சந்தில் நடக்கும்போது, வாசல் வழியாக விடாதது ரத்தத்துக்காகவா எனக்காகவா என்று ஒரு நினைப்பு ஓடியது. எங்கள் மாதிரி வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நினைப்பு வராமல் இருக்காது. திரும்பிப் பார்த்தபோது, வாசல் வழியாகப் போக வேண்டிய மருமகளும் கையில் அவளுடைய எண்ணெய் பாட்டிலோடு என் பின்னாலேயே சந்தில் வந்துகொண்டிருந்தாள். "நானும் சாம்பிளத் தொடப் போறவதான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொட்டகையில் ஒரு பழைய ஸ்கூட்டர், தேங்காய்க் குவியல், ஒரு மர பெஞ்சு. பெஞ்சு ஓரத்தில் சென்ட்ரிஃப்யூஜை முறுக்கிப் பொருத்தினோம். கூரை விளிம்பில் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடிக்கு நல்ல வெளிச்சம் விழுந்தது. லேபில் வெந்நீர்த் தொட்டி வைத்து உடம்பின் சூடு வரவழைக்கப் பாடுபடுவோம். வைகாசி வெயிலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டகை வாசலில் வைத்ததே போதுமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகக்கூட ஆகி, கிணற்றுத் தண்ணீர் சேர்க்க வேண்டி வந்தது. ஃபிளாஸ்க் சூடாகாமல் இருக்க மாமி எங்கிருந்தோ ஒரு வாளி ஐஸ் வரவழைத்து, கொட்டகை வாசலுக்கு வெளியே நின்றபடியே வைத்துவிட்டுப் போனார்.

சார் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தோம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கழுத்தில் துளசி மாலை, கையில் யாரோ கொடுத்த பனை விசிறியோடு வந்தார். வழியில் இருந்த ஒவ்வொரு பந்தலிலும் நிறுத்தி மோர் கொடுத்தார்களாம், ஒன்றையும் அவரால் மறுக்க முடியவில்லையாம். பெருமாளைப் பக்கத்தில் பார்த்துவிட்டேன் என்று சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்.

"லேப் எங்கம்மா?"

"இதுதான் சார்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சென்ட்ரிஃப்யூஜின் கைப்பிடியைப் பிடித்தார். அணுக்களைக் கழுவும் வேலை முழுக்க அவரே சுழற்றினார். மூன்று குழாய்கள் வைத்தோம். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. ஒன்றில் நேர் வால் கொண்ட ஸ்டியரிக் அமிலம், மெழுகுவர்த்தியில் சேர்ப்பார்களே அது. மூன்றாவதில் தோழியின் எண்ணெய். வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

முதல் இரண்டிலும் அணுக்கள் தனித்தனியாகவே கிடந்தன. மூன்றாவதை சார் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். விசிறியைக் கீழே வைத்தார். தகட்டைத் தட்டினார், நகர்த்தினார், திரும்பத் தட்டினார். "இங்க இருக்கு. இங்கயும் ஒண்ணு. இதுல மூணு சேந்திருக்கு" என்று தனக்குத்தானே எண்ண ஆரம்பித்தார். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"அந்த அமிலம் எங்க வாங்கினீங்க? இவ்வளவு சுத்தமா எங்க லேபுக்கே வர்றதில்ல."

இவள்தான் செய்தாள் என்று தோழியைக் காட்டினேன். சார் அவளிடம் திரும்பி எப்படிச் செய்தாள் என்று கேட்கக் கேட்க, அவள் முதலில் தயங்கி, பிறகு யூரியாப் படிகத்தைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார், அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவர், நீங்கள் ஏன் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யவில்லை, இணைப்பைத் தடுக்கிற கொழுப்புகளைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். அவள் எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

அப்போதுதான் மாமி கொட்டகை வாசலில் நிற்பதைக் கவனித்தோம். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. "நானும் பாக்கலாமா?" என்றார்.

சார் நகர்ந்து இடம் விட்டார். மாமி எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முதலில் தன் இமைதான் தெரிகிறது என்றார். நான் திருகைச் சரிசெய்து, நடுவில் பெரிதாக இருப்பதைப் பாருங்கள், அதற்குள் இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கும் என்றேன்.

"இருக்கு, இருக்கு. இது ரெண்டா இருந்ததா?"

"ஆமா மாமி. காலைல தனித்தனியா இருந்துச்சு."

"அந்த எண்ணெய் விடலேன்னா?"

"சேராது மாமி. பக்கத்துல இருக்கிற ரெண்டு குழாயிலயும் சேரல."

மாமி நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். "நீ காய்ச்சினதா?" என்றார். அவள் தலையசைத்தாள். மாமி உடனே சாரைப் பார்த்து, பட்டணத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டியிருக்கும் என்று கேட்டார். இரண்டு நாள் போதும் என்றார் சார். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் கிணற்றடியில் குளித்துவிட்டுச் சாப்பிட வரும்படி உத்தரவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரும் என்பதில் சாரும் சேர்த்தி. மாற்று வேட்டி கொடுத்து அவரையும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தார். எனக்குத் தோழியின் சேலை. ஈரத் தலையோடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். புளியோதரையும் மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியும் இலையில் விழுந்தன. சார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என் ஆய்வேடு அந்த மழைக்காலத்துக்குள் முடிந்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாய்மொழித் தேர்வில் என்னைவிட சார்தான் அதிகமாகப் பதில் சொன்னார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, தோழி பிஎச்.டி.க்குப் பதிவு செய்யப் போன நாளில் நான் துணைக்குப் போனேன். குடும்பத்தோடு அல்லாமல் அவள் சென்னைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.  கையெழுத்துப் போட்டு முடித்து வெளியே வந்ததும், உடனே பஸ் பிடிக்க வேண்டாம், கடலைப் பார்க்கலாம் என்றாள். மெரினாவில் தேங்காய் மாங்காய் சுண்டல் வாங்கித் தின்றோம். அலையில் கால் நனைக்கிறேன் என்று போனவள் முழங்கால் வரை பட்டுப்புடவையை நனைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். நனைஞ்சுடுத்துன்னு சொல்லுவேன் என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். புடவையில் ஒட்டியிருந்த மணல் என் மடியிலும் செருப்பிலும் உதிர்ந்துகொண்டே வந்தது.